எழுவான்கரை எண்ணெயும் இளநரையும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் பக்கம் ஒன்று. படும் பக்கம் மற்றொன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளங்கொண்ட அந்நீர்ப்பரப்பின் ஒரு கரையிலே கடலோர மணலில் தென்னஞ்சோலைகள். மறு கரையிலே வயலும் குளமும். தலைக்கு வைக்கும் எண்ணெய் எழுவான்கரைத் தென்னையில் விளைந்தது. அவ்வெண்ணெயிற் காய்ச்சும் கையாந்தகரை படுவான்கரை வரம்புகளில் ஈரங்கண்ட இடமெல்லாம் தானாகவே முளைத்தது. இரண்டையும் ஒரு சட்டியிற் சேர்த்தவர் ஊர்ப் பரியாரியார். இளைஞன் ஒருவனுக்கு மயிர் உதிர்ந்தாலும், இருபது வயதிற் காதோரத்திலே வெள்ளிழை ஒன்று தோன்றினாலும், அவனுடைய தாய் முதலில் நாடியது அச்சட்டியைத்தான்.

அச்சட்டிக்கு வாய்த்த பெரும்புகழ் எவ்வாறு வளர்ந்தது, அதனுள் மெய் எவ்வளவு என்பது வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கதொரு பொருள். இது வெறும் அழகுக் கலையைப் பற்றிய ஆராய்ச்சியன்று. மயிர் உதிர்வதிற் பொறுத்திருந்தால் தானே மீள்வதும் உண்டு. பொறுத்திருந்தால் மீளாமலே போவதும் உண்டு. இரண்டுக்கும் ஒரே புட்டியை நம்பியிருந்து காலத்தைக் கைவிட்ட இளைஞர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர்.

பழங்காலத்து இளைஞனுக்கு வழுக்கை ஒரு குறையாகத் தோன்றியதா என்பதே முதலில் எழும் வினா. தோன்றுவதற்கு வாய்ப்புக் குறைவு எனலாம். இந்துத் தமிழ் ஆடவர் நீள மயிர் வளர்த்துக் குடுமியாக முடிந்தனர். அவருள் முன்னந்தலையை மழித்துப் பின்புறம் முடியும் வழக்கமுடையோரும் இருந்தனர். ஆண்களின் வழுக்கை பெரும்பாலும் எங்கே தொடங்குகிறது? நெற்றியின் இரு புறத்திலும், உச்சியிலும். நெற்றிப் பக்கத்தை நாவிதரின் கத்தி முன்னரே வெறுமையாக்கிவிட்டது. உச்சியை வாரி முடிந்த மயிர் மூடிவிட்டது. எஞ்சியது தெரிய வழியில்லை. இலங்கை முஸ்லிம் ஆடவரோ பழைய வழக்கப்படி தலை முழுவதையும் மழித்துத் தொப்பி அணிந்தனர். அத்தொப்பி அவர்தம் மானத்தோடு எவ்வளவு பிணைந்திருந்தது என்பதை 1905 ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று காட்டும். வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் நீதிமன்றத்தில் வாதாடுவதைப் பிரதம நீதியரசர் லேயார்ட் மறுத்தபோது, நாடெங்குமுள்ள முஸ்லிம்கள் கூடிக் கிளர்ந்தெழுந்தனர். இவ்வாறு குடுமிக்குள்ளும் தொப்பிக்குள்ளும் இளைஞரின் வழுக்கை பல தலைமுறைகள் ஒளிந்து வாழ்ந்தது.

ஆயினும் மயிரைப் பேணும் முறை அந்நாட்டில் மிக வளமாகவே இருந்தது. அதன் அடிப்படை ஒரு சொல்லில் அடங்கும்: குளிர்ச்சி. உடலிற் சூடு மிகுந்தால் கண் எரியும், தலை கொதிக்கும், மயிர் நரைக்கும், உதிரும் என்பது மக்களின் உறுதியான கொள்கை. 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்றே, சூடு, குளிர்ச்சி என்னும் இவ்விரு கருத்துகளும் அப்பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் உடலைப் பற்றிக் கொண்ட எண்ணங்கள் முழுவதிலும் ஊடுருவி நிற்பதை 1982 இல் வெளியான கட்டுரையில் விரித்துரைத்தார். வைகாசித் திங்களிலே செட்டிபாளையத்திலும் தம்பிலுவிலிலும் காரைதீவிலும் கண்ணகையம்மனுக்கு நிகழும் பெருஞ்சடங்கின் பெயரே குளிர்த்தி என்பதை நேயர்கள் அறிவர். சினங்கொண்ட தெய்வத்தைக் குளிர்விப்பதால் வெம்மை நோய்கள் தணியும் என்று நம்பிய மக்கள், தம் தலையையும் குளிர்விக்க முனைந்தது இயல்பே.

கிழமைக்கு ஒரு முறை நல்லெண்ணெய் முழுக்கு, அதன் பின் சீயாக்காயும் தேசிக்காய்ப் புளியும், செவ்வரத்தை இலையைக் கசக்கிய வழுவழுப்பு, ஊற வைத்து அரைத்த வெந்தயம், நெல்லிக்காய்ச் சாறு. சித்திரைப் புத்தாண்டிலோ கோயிற் குருக்கள் காய்ச்சிய மருத்துநீர். தாழம்பூ, தாமரைப்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு என்பனவெல்லாம் கூடிய அந்நீரை, மூத்தவர் ஒருவர் தலையில் வைக்கத் தோயாமல் ஆண்டைத் தொடங்கும் வழக்கம் இலங்கைச் சைவர் வீடுகளில் இல்லை. இவையெல்லாம் மருந்தா, சடங்கா, சுத்தமா என்று பிரித்துக் கேட்பது நம் காலத்துக் கேள்வி; செய்தவர்களுக்கு அவை மூன்றும் ஒன்றே.

பரியாரியாரின் வைத்தியத்துக்கு ஏட்டு மரபும் துணை நின்றது. யாழ்ப்பாண அரசர் காலத்துத் தொகுப்பெனக் கருதப்படும் பரராசசேகரம் என்னும் மருத்துவ நூலில், தலை நோய்களுக்கென்றே சிரரோக நிதானம் என்னும் பகுதி உண்டு. நரை, திரை, மூப்பு என்னும் மூன்றையும் ஒரே தொடராக வைத்துக் காயகற்பம் தேடியது சித்தர் மரபு. அவுரி, கையாந்தகரை, நெல்லி, தேங்காய்ப்பால் என்பன சேர்ந்த தைலங்கள் தென்னாட்டிலும் ஈழத்திலும் பெயர்பெற்றவை. கையாந்தகரையின் சாறு கறுப்புக் கறையூட்டுவது; அவுரியோ நீலம் தருவது. ஆகவே இவற்றைப் பூசிய நரை சில நாள் கருமை காட்டியிருப்பின் வியப்பில்லை. ஆனால் அது சாயம், மருத்துவம் அன்று.

இனி, எண்ணெய்க்குப் பெரும்புகழ் தேடித்தந்த காரணத்தைக் காண்போம். அது எண்ணெயில் இல்லை, காய்ச்சலில் இருந்தது.

1940களின் நடுப்பகுதியில் டீ.டீ.டி. மருந்து தெளிக்கத் தொடங்கும் வரையில் இலங்கையின் உலர்வலயம் முழுவதும் மலேரியாவின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. படுவான்கரைக் குளங்களும் ஆற்றுப்படுகைகளும் அதற்கு விலக்கல்ல. நெருப்புக்காய்ச்சல் வேறு அடிக்கடி வந்துபோயிற்று. கடுங்காய்ச்சல் கண்டு எழுந்தவனுக்கு இரண்டு மூன்று திங்களுக்குப் பின்னர் மயிர் கொத்துக் கொத்தாக உதிரும். இதன் காரணம் இன்று தெளிவாக விளங்குகிறது. மனிதன் தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை வளரும் பருவத்தில் இருக்கும். அப்பருவம் சில ஆண்டுகள் நீளும். சிறுபங்கு மட்டும் ஓய்ந்திருக்கும்; ஏறத்தாழ மூன்று திங்கள் ஓய்ந்த பின் உதிர்ந்து புதிய மயிருக்கு இடங்கொடுக்கும். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை உதிர்வது ஆகவே இயல்பு. உடலைக் காய்ச்சலோ, பட்டினியோ, பெருந்துயரோ தாக்கும்போது, வளரும் மயிர்களிற் பல ஒருங்கே ஓய்வுக்குப் போய்விடுகின்றன. மூன்று திங்கள் கழித்து ஒருங்கே விழுகின்றன. மயிர்க்கால் சாகவில்லை, உறங்கியது, அவ்வளவே. ஆறு திங்கள், ஒன்பது திங்களில் மயிர் தானாகவே திரும்பும்.

இப்பொழுது அந்தச் சட்டியை நினைத்துப் பார்க்க வேண்டும். மயிர் உதிரத் தொடங்கியவுடன் தாய் எண்ணெய் காய்ச்சுகிறாள். மகன் சில திங்கள் தேய்க்கிறான். மயிர் திரும்புகிறது. எண்ணெய் தேய்க்காதிருந்தாலும் திரும்பியிருக்கும் என்று அவளுக்குச் சொல்ல யாருமில்லை. சொன்னாலும் நம்புவதற்குக் காரணமில்லை, ஏனெனிற் கண்முன் விளைந்த பயன் அது. இப்படி ஒவ்வொரு காய்ச்சற் பருவமும் எண்ணெய்க்கு நூறு சாட்சிகளைத் தேடித் தந்தது. பரியாரியார் ஏமாற்றினார் என்று கூறுதல் பெரும்பிழை. அவரும் அச்சாட்சிகளுள் ஒருவரே.

இக்கதை மட்டக்களப்புக்கு மட்டும் உரியதன்று. கல்கத்தாவிலே ஹேமேந்திரமோகன் போசு என்பவர் குந்தலின் என்னும் கூந்தல் எண்ணெயை விற்றுவந்தார். அவர் 1896 இல் ஏற்படுத்திய கதைப் பரிசை வென்றவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போசு. அக்கதையின் நாயகன் நெடுங்காய்ச்சலாற் தலைமயிரை இழந்தவன், உடல் தேறுவதற்காகக் கப்பலேறி இலங்கைக்குப் புறப்படுகிறான், வழியிற் புயல் எழ, மகள் கொடுத்தனுப்பிய கூந்தல் எண்ணெயைக் கடலில் ஊற்றுகிறான், புயல் அடங்கிவிடுகிறது. எண்ணெய் அலையை அடக்கும் என்ற பௌதிக உண்மையையும் எண்ணெய் வியாபாரியின் பெருமையையும் ஒருசேர வைத்து நகைத்த கதை அது. காய்ச்சல், உதிர்வு, தைலம், இலங்கை என்னும் நான்கும் 1896 ஆம் ஆண்டுக் கதையொன்றில் ஒன்றுகூடியது வியப்பே. உண்மைப் புயல் எந்த எண்ணெய்க்கும் அடங்குவதில்லை. 1978 நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி, எழுவான்கரையின் தென்னைகளைத் தோட்டந் தோட்டமாகச் சாய்த்துச் சென்றது.

எண்ணெயாற் பயனே இல்லை என்று கருதுதல் மற்றொரு பிழையாகும். 2003 இல் இந்திய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி, தேங்காய் எண்ணெய் மயிரிழையின் உள்ளே புகுந்து, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயோ கனிய எண்ணெயோ அவ்வாறு செய்வதில்லை என்றும் காட்டியது. தாய்மாரின் கைப்பழக்கத்துக்கு இது நல்ல சான்று. ஆனால் அது காப்பது வெளியே நிற்கும் இழையை. தோலுக்குள் இருக்கும் வேரையன்று. பொடுகு மிகுந்த தலையிற் பல நாள் எண்ணெய் தேங்கி நின்றால் அது பெருகவும் கூடும்.

எண்ணெயின் எல்லை வெளிப்பட்டது, மயிரைக் கத்தரிக்கும் வழக்கம் வந்த பின்னரே. 1814 இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் வந்திறங்கிக் கல்விப்பணி தொடங்கினார். 1873 இல் புனித மிக்கேல் பாடசாலை எழுந்தது. ஆங்கிலக் கல்வியும் கச்சேரி உத்தியோகமும் பரவப் பரவக் குடுமி குறைந்தது. 1924 இற் கல்லடிப் பாலம் வாவியைக் கடந்தது. 1928 இற் புகையிரதம் வந்து சேர்ந்தது. அதனோடு செய்தித்தாளும், செய்தித்தாளோடு தைல விளம்பரமும் வந்தன. வகிடெடுத்து வாரிய தலை, சலூன் நிலைக்கண்ணாடி, கலியாணத்துக்குக் காட்டும் நிழற்படம்: இம்மூன்றும் கூடியபோது, குடுமிக்குள் ஒளிந்திருந்த வழுக்கை முதன்முறையாக வெளிச்சத்துக்கு வந்தது. பழைய சட்டியின் புகழ் இப்புதிய நோய்க்கும் மருந்தாக நம்பப்பட்டது. ஆனால் இது காய்ச்சலின் பின் வரும் உதிர்வன்று, பரம்பரையாக வருவது, மெல்ல வந்து மீளாதது.

இவ்விடத்தில் மட்டக்களப்பின் குடிமரபு ஆராய்ச்சிக்குச் சுவையூட்டுகிறது. அந்நாட்டிற் குடி என்பது தாய்வழியே வருவது. மகன் தந்தையின் குடியன்று, தாயின் குடி. பண்டைநாளில் முக்குவர் வழக்கின்படி பரம்பரைச் சொத்து ஒருவனுடைய சகோதரியின் மக்களைச் சேர்ந்தது. அவ்வழக்கைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876 இல் நூலாக வெளியிட்டார். அம்மானின் சொத்து மருமகனுக்கு வரும் நாட்டில், அம்மானின் வழுக்கையும் வருமா என்று கேட்டால் நகைப்புக்குரிய வினாவாகத் தோன்றலாம். விஞ்ஞானம் அதற்கு ஓரளவு ஆம் என்றே விடை சொல்லுகிறது. ஆண்மை ஓமோனின் தாக்கத்தை ஏற்றுக்கொள்ளும் ஏற்பியை அமைக்கும் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. ஆண்மகன் அந்நிறமூர்த்தத்தைத் தாயிடமிருந்தே பெறுகிறான். இளமை வழுக்கையில் அப்பரம்பரையலகின் பங்கு பெரிதென்பதை 2005 இல் ஜெர்மன் ஆய்வாளர் காட்டினர். எனினும் தாய்க்கு எக்ஸ் இரண்டு. அவற்றுள் எது மகனுக்கு வரும் என்பது தற்செயல். 2008 இலோ இருபதாம் நிறமூர்த்தத்திலும் வழுக்கைக்குத் தொடர்புடைய பகுதி கண்டறியப்பட்டது. அது தந்தை வழியிலும் வரக்கூடியது. எனவே அம்மான் தலையை மட்டும் பார்த்து மருமகன் தலைக்கு முடிவுரைத்தல் கூடாது. முக்குவர் வழக்கு இயற்கையைக் கட்டுப்படுத்தவில்லை.

இவ்வழுக்கைக்கும் ஆண்மை ஓமோனுக்கும் உள்ள உறவு பழங்காலத்திலேயே ஐயுறப்பட்டது. விதை நீக்கப்பட்டோர்க்கு வழுக்கை விழுவதில்லை என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் குறித்துச் சென்றார். அதனை முறையாக நிறுவியவர் அமெரிக்கரான ஜேம்ஸ் ஹமில்டன். அவருடைய ஆய்வு 1942 இல் வெளிவந்தது. ஓமோன் மிகையாவதால் வழுக்கை வருவதில்லை. மயிர்க்கால் அந்த ஓமோனுக்கு அளவுகடந்து இணங்குவதால் வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மயிர் மெலிந்து குறுகிக் கடைசியிற் பூனைமயிராகிவிடும். இந்நிலையைத் தாமதப்படுத்தும் மருந்துகள் இரண்டு உள. இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மினொக்சிடில், உட்கொண்டோர் உடலில் எதிர்பாராது மயிர் வளர்த்தது. பூசும் மருந்தாக அது 1988 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பினாஸ்டிரைட் என்னும் மாத்திரை 1997 இல் அனுமதி பெற்றது. இவை வேர் உயிரோடு இருக்கும்போது மட்டும் பயன்படுவன. பல திங்கள் விடாது கொண்டால் மட்டும் தெரிவன. விட்டால் பயனும் விட்டுப்போவன. மாத்திரைக்குச் சிலரிடத்துப் பாலுணர்ச்சிக் குறைவு, மனச்சோர்வு முதலிய தீயவிளைவுகளும் உண்டு. ஆதலால் வைத்தியர் சொல்லாமல் அதனைத் தொடல் ஆகாது. வேர் அழிந்த இடத்துக்குப் பின்தலை மயிரைப் பெயர்த்து நடுதலே வழி. ஜப்பானிய வைத்தியர் ஒக்குடா 1939 இல் இம்முறையின் முன்னோடி ஆய்வை வெளியிட்டார். எவ்வாறாயினும், பரம்பரை வழுக்கையில் எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளே மருந்து மிகப் பயன்தரக்கூடிய ஆண்டுகள் என்பதுதான் இவ்வரலாற்றிலுள்ள கொடுமை.

நரையின் வரலாறு இதற்கு நேர்மாறானது. வழுக்கையை யாரும் விரும்பியதில்லை; நரையை விரும்பிய இளைஞர் இருந்தனர். இளையனாகிய கரிகாலன் தன் தீர்ப்பில் முதியோர் ஐயுற்றபோது நரைமுடி தரித்து வந்து வழக்குத் தீர்த்தான் என்ற செய்தி பழமொழி நானூற்றில் உண்டு. ஐரோப்பாவிலோ பிரான்சிய மன்னன் பதின்மூன்றாம் லூயி இளமையிலேயே மயிரை இழந்து, 1624 ஐ ஒட்டிப் பொய்ம்முடி தரிக்கத் தொடங்க, ஒரு கண்டமே அவனைப் பின்பற்றியது. பின்னர் அப்பொய்ம்முடிக்கு வெண்பொடி தூவும் நாகரிகம் வந்தது. 1795 இற் பிரித்தானிய அரசு அப்பொடிக்கு வரி விதித்தது. அதே 1795 இலேதான் ஒல்லாந்தரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. வெண்முடி ஆங்கில நீதிமன்றத்தில் மட்டும் நிலைத்தது. முப்பது வயது வழக்கறிஞனும் அதனை அணிந்து கரிகாலனைப் போலவே நரையை இரவல் வாங்கி நின்றான்.

இயற்கையாக வரும் இளநரைக்கோ மக்கள் கவலையைக் காரணங் காட்டினர். பிசிராந்தையார் ஆண்டு பல சென்றும் தமக்கு நரை இல்லாமைக்கு நல்ல மனைவி, மக்கள், ஏவலர், முறைதவறாத அரசன், சான்றோர் வாழும் ஊர் என்பவற்றைக் காரணமாகக் கூறியது புறநானூறு படித்தோர் அறிந்ததே. அதனைப் புலவரின் நயமென்றே கருதியிருந்தனர். 2020 இல் ஹாவர்ட் ஆய்வாளர், எலிகளுக்கு உண்டாக்கிய கடும் நெருக்கடி, மயிருக்கு நிறமூட்டும் முதற்கலங்களை வற்றச் செய்து வெண்மையாக்குவதைக் கண்டனர். எலியினின்று மனிதனுக்கு உடனே தாவிவிடக் கூடாதெனினும், பிசிராந்தையார் நகைப்புக்குரியவராகத் தோன்றவில்லை.

ஆயினும் இளநரையில் மிகப்பெரும் பங்கு பரம்பரைக்கே. ஆசிய நாட்டவரில் இருபத்தைந்து வயதுக்கு முன் நரைப்பதையே வைத்தியர் இளநரை என்பர். விற்றமின் பி12 குறைவு, தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறு, வெண்புள்ளி நோய் என்பன சிலரிடத்துக் காரணமாகலாம். புகைபிடிப்போரிடத்து இளநரை மிகுதி என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. பி12 மீனிலும் பாலிலும் தயிரிலும் உள்ள சத்து. மட்டக்களப்பின் எருமைத்தயிரும் வாவிமீனும் நாடறிந்தவை. அவற்றை உண்டு வளர்ந்தவனுக்கும் நரைத்தால் பரம்பரை, சமிபாட்டுக் கோளாறு, சுரப்பி ஆகியவற்றை ஆராய வேண்டும். குறைபாடு இருந்தால் அதனைத் தீர்ப்பதனாற் சிலருக்கு நிறம் ஓரளவு மீளவும் கூடும். பரம்பரையாயின் எந்தத் தைலத்தாலும் மீளாது.

எஞ்சுவது சாயம். முஸ்லிம் மரபிலே நரையை மருதோன்றியாற் செந்நிறமாக்குதல் போற்றப்பட்டது. கறுப்பைத் தவிர்க்குமாறு நபிமொழி கூறுவதால், வெண்தாடிக்கு மருதோன்றி பூசும் முதியவர் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் காண்பதற்கு அரியரல்லர். மருதோன்றி தனியே செம்மஞ்சள் தரும். அதன்மேல் அவுரி பூசினாற் கறுக்கும். 1907 இல் பிரான்சிய வேதியியலாளர் இயூஜின் சுவெல்லர் செயற்கைச் சாயத்தை விற்கத் தொடங்கிய பின்னர் இம்முறைகள் பின்தள்ளப்பட்டன. இன்று கடைகளிற் கிடைக்கும் கருஞ்சாயங்களிற் பெரும்பாலானவற்றில் பாரா-பினைலீன்டைஅமீன் என்னும் பொருள் உண்டு. அது சிலருக்கு முகம் வீங்கிக் கண்மூடும் அளவுக்கு ஒவ்வாமை செய்யும். மருதோன்றி என்ற பெயரில் விற்கும் கறுப்புப் பொடிகளிலும் இப்பொருள் கலந்திருப்பது உண்டு. காதின் பின்புறத்திற் சிறிது தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த பின்னரே தலையில் இடவேண்டும். ஒரு முறை ஒவ்வாமை கண்டவர் மீண்டும் தொடலாகாது.

சித்தம், ஆயுர்வேதம், யூனானி என்னும் மூன்று மரபுகளையும் 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் ஏற்று, வைத்தியர்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது. எனவே பதிவுபெற்ற வைத்தியரை நாடுவோர்க்கு இன்று தடையில்லை. தடை வேறிடத்தில் உள்ளது. மலேரியா நாட்டைவிட்டு நீங்கிவிட்டது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அதனை உறுதிசெய்தது. ஆனால் காய்ச்சல் நீங்கவில்லை. 2006 இல் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சிக்குன்குனியா பரவிற்று. டெங்கு ஆண்டுதோறும் வருகிறது. டெங்குக் காய்ச்சல் கண்டு எழுந்த இளைஞனுக்கு மூன்றாம் திங்களில் மயிர் உதிர்கிறது. யாரோ ஒருவர் புட்டியொன்றை நீட்டுகிறார். ஒன்பதாம் திங்களில் மயிர் மீள்கிறது. அவன் அப்புட்டியை, நெற்றியோரம் மெல்ல ஏறிவரும் தன் தம்பிக்குக் கொடுக்கிறான்.